கல்லூரி ஃபுட்பால் அணி ஒரு பிரிவு மேலேறிய முதல் வருஷம்: அதைப் பார்ப்பது எப்படி

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் படிக்கும் கல்லூரியின் ஃபுட்பால் அணி (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) அடுத்த ஆகஸ்டிலிருந்து மேல் பிரிவில் ஆடப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறதா? வளாகம் முழுக்கப் பேனர் கட்டியிருப்பார்கள், புது டி-ஷர்ட் வந்திருக்கும், டிக்கெட் விலையும் கொஞ்சம் ஏறியிருக்கும். வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை உங்கள் முன்னால் நடக்கப்போவதில் பெரும்பகுதி தோல்வியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூன்று மாதத்தை எப்படிப் பார்க்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், வீட்டில் என்ன பேசலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோவில் இருக்கிறேன். கணக்கு எழுதுவது என் வேலை. மகள் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தாள், மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். அந்தக் கல்லூரியின் பேர்கேட்ஸ் அணி மேல் பிரிவில் முதல் முறையாக ஆடிய 2023 பருவத்தை அவளுக்காகவே போய்ப் பார்க்க ஆரம்பித்து, பிறகு அணிக்காகவே பார்த்தேன். அந்த அணி முதல் 8 ஆட்டங்களையும் தோற்றது. நான் பார்த்ததிலேயே மனதுக்கு மிக நெருக்கமான அணியும் அதுதான்.

எந்தப் படி, ஏன் ஏறினார்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் டிவிஷனுக்குள்ளேயே இரண்டு தட்டு உண்டு. மேலே இருப்பது எஃப்.பி.எஸ்., கீழே இருப்பது எஃப்.சி.எஸ். இங்கிலாந்து கால்பந்து லீக் மாதிரி கீழே ஜெயித்தால் தானாக மேலே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே இருக்கும் ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் லீக் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு, உங்கள் கல்லூரியை அழைக்க வேண்டும், கல்லூரி அதற்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும், அதற்கப்புறம் இரண்டு வருஷம் இடைக்காலம். அந்தக் கட்டணம் 2023 அக்டோபர் வரை வெறும் 5,000 டாலர். அப்புறம் ஒரேயடியாக 50 லட்சம் டாலராக உயர்த்திவிட்டார்கள். கீழே இருந்து வருகிறவர்களின் வரிசையைக் குறைக்கத்தான் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாம் ஹூஸ்டனுக்கு அழைப்பு வந்த கதையைச் சொன்னால் இது விளங்கும். 2021 இலையுதிர் காலத்தில் கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.வை விட்டு ரைஸ், நார்த் டெக்சஸ், யு.டி.எஸ்.ஏ. உட்பட ஒன்பது கல்லூரிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. காலியான இடத்தை நிரப்ப அந்த நவம்பரில் நாலு கல்லூரிகளை அழைத்தார்கள்: சாம் ஹூஸ்டன், அலபாமாவின் ஜாக்சன்வில் ஸ்டேட், லிபர்ட்டி, நியூ மெக்சிகோ ஸ்டேட். இதில் முதல் இரண்டும் எஃப்.சி.எஸ். அணிகள். அழைப்பு வந்தபோது சாம் ஹூஸ்டன் சாதாரண அணி இல்லை. 2021 மே மாதம், கொரோனாவால் தள்ளிப்போன பருவத்தில், ஃபிரிஸ்கோ நகரில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 23-21 என்று வென்று எஃப்.சி.எஸ். சாம்பியன் ஆகியிருந்தது. ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது போட்ட டச் டவுனில் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) வந்த வெற்றி அது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் அதே ஃபிரிஸ்கோவில் அடுத்தடுத்து இரண்டு இறுதிப் போட்டிகளை நார்த் டகோட்டா ஸ்டேட்டிடம் தோற்ற கல்லூரி என்பதால், ஹன்ட்ஸ்வில்லில் அந்தக் கோப்பைக்குத் தனி மரியாதை.

உங்கள் அணிக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். பருவம் தொடங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே ராஜாவாக இருந்தவர்களா, நடுவில் இருந்தவர்களா, மைதானத்தையும் டி.வி. சந்தையையும் பார்த்து அழைக்கப்பட்டவர்களா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் மாறும். நார்த் கரோலினாவில் சார்லட் 2015-இல் ஏறியபோது அந்த அணி ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 2-10 என்று, அதாவது 2 வெற்றி 10 தோல்வியோடு முடித்தார்கள். அதை யாரும் அதிர்ச்சி என்று சொல்ல முடியாது.

முந்தைய வருஷத்தையும் கணக்கில் எடுங்கள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. இடைக்காலத்தின் முதல் வருஷத்தில் அணி கீழே இருக்காது, மேலேயும் முழுசாக இருக்காது. 2022-இல் சாம் ஹூஸ்டன் 9 ஆட்டம்தான் ஆடியது, 5-4 என்று முடித்தது. எஃப்.சி.எஸ். பிளேஆஃபுக்கும் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) தகுதி கிடையாது. கோச் கே.சி. கீலர் அந்த வருஷம் மூத்த ஆட்டக்காரர்கள் பலரை உட்காரவைத்தார். அன்றைய விதிப்படி ஒரு பருவத்தில் 4 ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால், கல்லூரி அணியில் ஆட ஒருவருக்குக் கிடைக்கும் வருஷங்களில் அது செலவாகாது, அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். பெரிய பிரிவுக்குப் போகும்போது அனுபவம் உள்ளவர்கள் கையில் இருக்கட்டும் என்பது அவர் திட்டம்.

ஆகவே முந்தைய வருஷத்தின் முடிவை வைத்து "அணி இறங்கிவிட்டது" என்றோ "தேறிவிட்டது" என்றோ முடிவு செய்யாதீர்கள். யார் ஆடினார்கள், யாரை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அட்டவணையை மூன்றாகப் பிரிக்கவும்

ஜூலையில் ஆட்ட அட்டவணை முழுதாகத் தெரிந்திருக்கும். அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள், மூன்று நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு உத்தியோகப் பழக்கம், ஆனால் உண்மையிலேயே உதவும்.

முதல் நிறம், பண ஆட்டங்கள். பெரிய கல்லூரி தன் மைதானத்துக்குச் சின்னக் கல்லூரியை அழைத்து அதற்குப் பணம் தரும், பல நேரம் 10 லட்சம் டாலருக்கு மேல். விளையாட்டுத் துறையின் மற்ற அணிகள், அதாவது நீச்சல், டென்னிஸ், சாஃப்ட்பால் எல்லாம் இந்தப் பணத்தையும் நம்பித்தான் ஓடுகின்றன. இந்த ஆட்டங்களில் வெற்றி வந்தால் வரம். தோற்றால் அழ வேண்டியதில்லை. எவ்வளவு பேர் காயமில்லாமல் திரும்பினார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது நிறம், உங்கள் கான்ஃபரன்ஸ் அணிகள். பருவத்தின் உண்மையான அளவுகோல் இவைதான்.

மூன்றாவது நிறம், உங்களைப் போலவே புதிதாக ஏறியவர்கள், அல்லது ஏறக் காத்திருப்பவர்கள். இந்த ஆட்டங்களை எப்பாடுபட்டாவது நேரில் போய்ப் பாருங்கள்.

2023-இல் சாம் ஹூஸ்டனின் முதல் மூன்று ஆட்டங்கள் பி.ஒய்.யு. (யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம்), ஏர் ஃபோர்ஸ் (விமானப்படை அகாடமி), ஹூஸ்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு. 14-0, 13-3, 38-7 என்று மூன்றிலும் தோல்வி. முதல் இரண்டு ஆட்டத்தில் நம் அணி எடுத்தது மொத்தமே 3 புள்ளி. அலுவலகத்தில் திங்கட்கிழமை ஒருவர் "இதுக்கா மேலே போனாங்க?" என்று கேட்டார். நான் மறுபக்கத்தைக் காட்டினேன். பி.ஒய்.யு. அன்றைக்கு பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸின் அணியாக முதல் ஆட்டம் ஆடியது. பிரோவோவில் தன் சொந்தக் கூட்டத்தின் முன்னால் நின்ற அந்த அணியை நம் தற்காப்பு 14 புள்ளியில் நிறுத்தியது. அதற்கடுத்த வாரம் ஏர் ஃபோர்ஸை 13-இல் நிறுத்தியது. தற்காப்பு மேல் பிரிவுக்குத் தயார், தாக்குதல் இன்னும் தயாரில்லை: செப்டம்பர் பாதியிலேயே அட்டவணை இதைச் சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு மிச்சப் பருவத்தைப் பார்த்தால் ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி தெரியும்.

நாலாவது குவார்ட்டரில் கண்ணை எங்கே வைப்பது

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பந்து போகும் இடத்தையே எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பந்துக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். அவர்களுக்கு அஃபென்சிவ் லைன் என்று பெயர், ஒவ்வொருவரும் சுமார் 300 பவுண்டு எடை. மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமோ வேகமாக ஓடுகிறவர்களிடமோ அவ்வளவு தெரியாது. கீழ்ப் பிரிவிலும் மின்னல் மாதிரி ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் தெரிவது இந்த ஐந்து பேரிடமும், அவர்களுக்கு எதிரே நிற்கிறவர்களிடமும்தான்.

அதிலும் அவர்களுக்குப் பதிலாக இறங்கக்கூடியவர்களிடம். அந்த நாள் விதிப்படி எஃப்.சி.எஸ். அணி ஒன்று 63 பேருக்கான உதவித்தொகையைத்தான் பிரித்துக் கொடுக்கலாம், எஃப்.பி.எஸ். அணி 85 பேருக்கு முழுசாகக் கொடுக்கலாம். (2025-இலிருந்து இந்த முறையே மாறி, அணியில் 105 பேர் வரை என்ற கணக்கு வந்திருக்கிறது.) அந்த 22 பேர் இடைவெளி முதல் குவார்ட்டரில் தெரியாது. முதல் வரிசை ஆட்கள் இருபக்கமும் சமமாகத்தான் முட்டுவார்கள். மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது எதிரணி புது ஆட்களை இறக்கும், நம் பையன்கள் அதே ஆட்களாகவே நிற்பார்கள்.

ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். ஒரு பிளே முடிந்ததும் விசில் ஊதியபின் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் நிற்கும் சென்டர் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி மூச்சு வாங்குகிறானா, அல்லது கையை இடுப்பில் வைத்து அண்ணாந்து நிற்கிறானா? பக்கத்தில் நிற்கும் கார்டு அவன் முதுகைத் தட்டி வரிசைக்கு இழுத்து வருகிறானா? எதிரணியின் தடிப்பையன் ஒருவன் இன்னும் துள்ளிக்கொண்டு நின்றால், அடுத்த ஐந்து நிமிஷத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டெக்சஸின் செப்டம்பர் வெக்கையில் இரவு ஒன்பது மணிக்கும் ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையிலிருந்து வியர்வை வடிவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

இந்தக் கண்ணோடு அந்த வருஷத்து முடிவுகளைப் பாருங்கள். செப்டம்பர் 28, ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் ஓவர்டைமில் 35-28 தோல்வி. அக்டோபர் 5, லிபர்ட்டியிடம் 21-16. மயாமியின் எஃப்.ஐ.யு.விடம் மறுபடியும் ஓவர்டைம். அக்டோபர் 25, எல் பாசோவின் யுடெப்பிடம் 37-34. வெற்றி தோல்விப் பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரி தோல்விதான். ஆனால் லிபர்ட்டி அந்தப் பருவத்தில் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் சேர்த்து 13 ஆட்டத்தை வரிசையாக வென்று ஃபியஸ்டா பவுலுக்குப் போன அணி. (பவுல் என்பது பருவம் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்.) அந்த அணியின் சொந்த மைதானத்தில் 5 புள்ளி வித்தியாசம்! கல்லூரி ஓவர்டைமில் ஆளுக்கொரு முறை 25 யார்டு கோட்டிலிருந்து பந்து கொடுப்பார்கள், ஒரே ஒரு தவறில் முடிந்துவிடும். அங்கே தோற்பவர்களைப் பலவீனமானவர்கள் என்று சொல்ல முடியாது.

அதனால் நான் சொல்லும் வழி: அட்டவணைப் பக்கத்தில் வெற்றி தோல்விக்குப் பதிலாகப் புள்ளி வித்தியாசத்தையும், நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது இருந்த ஸ்கோரையும் எழுதி வாருங்கள். வித்தியாசம் 31-இல் தொடங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்து அங்கேயே நின்றால் அணி வளர்கிறது. வித்தியாசம் அக்டோபரில் பெருகிக்கொண்டே போனால், ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

புதன்கிழமை ஆட்டங்களுக்குத் தயாராவது

கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. 2023-இல் புது டி.வி. ஒப்பந்தத்தோடு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அக்டோபர் மாத லீக் ஆட்டங்கள் செவ்வாய், புதன், வியாழனில்தான். சனிக்கிழமை பெரிய கல்லூரிகள் ஆடும்போது நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள், வார நடுவில் ஆடினால் நாடு முழுக்க டி.வி.யில் நம் ஆட்டம் ஓடும். கணக்கு சரிதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள். ஆட்டக்காரர்களுக்கு மறுநாள் வகுப்பு, பேண்டுக்கு மறுநாள் தேர்வு, ஹூஸ்டனில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் மாலை நெரிசலில் ஐ-45 சாலையில் ஊர்ந்து வர வேண்டும். டி.வி.யில் பார்ப்பவர்களுக்கு இருக்கைகள் காலியாகத் தெரியும், அதை வைத்து "இவர்களுக்கு ரசிகர்களே இல்லை" என்று பேசுவார்கள். சுமார் 12,000 பேர் உட்காரும் பவர்ஸ் ஸ்டேடியத்தில் ஒரு புதன்கிழமை ராத்திரி வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் கணக்கில் சேர்வார்கள். சிரமப்பட்டாவது வாருங்கள்.

நடைமுறைக்கு: அலுவலகத்தில் அரைநாள் விடுப்பை ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள். பையைக் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் பையாக எடுத்துப் போங்கள், இப்போது எங்கேயும் அதைத்தான் உள்ளே விடுகிறார்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், அதனால் கார் நிறுத்தும் இடத்திலேயே டிக்கியைத் திறந்து சாப்பிட்டுவிடுங்கள். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவோம். பக்கத்துக் காரில் மாட்டிறைச்சி சுடும் தாத்தா ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் புளியோதரை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நம் ஊர்க்காரர்கள் இந்தக் கூட்டத்தில் ஓரமாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை, ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டிருந்தால் போதும்.

பயணத்தையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பிரிவில் இருந்தபோது எதிராளிகள் நாக்கடோச்சஸ், போமான்ட் என்று காரில் போய் வரும் தூரத்தில் இருந்தார்கள். மேலேறியபின் மயாமி, வர்ஜீனியா, நியூ மெக்சிகோ. ஒரே மாநிலத்தில் இருக்கும் எல் பாசோவே 700 மைலுக்கு மேல். என்னைக் கேட்டால் மேலேறியதில் உண்மையான இழப்பு இதுதான். ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் கல்லூரியோடு ஹூஸ்டன் என்.ஆர்.ஜி. ஸ்டேடியத்தில் வருஷா வருஷம் நடந்த பைனி உட்ஸ் ஆட்டம் 2022-க்குப் பிறகு நின்றுபோனது. அந்த ஒரு ஆட்டத்துக்காகவே குடும்பம் குடும்பமாக வந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கல்லூரிக்கும் இப்படி ஒரு பழைய எதிரி இருந்தால், கடைசி ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

தோற்ற இரவில் பிள்ளையிடம் பேசுவது

பேண்டில் இருக்கும் பிள்ளைக்கும், சியர் அணியில் இருக்கும் பிள்ளைக்கும், மைதானத்தில் தண்ணீர் கொண்டு ஓடும் மாணவ உதவியாளருக்கும் தோல்வி ஒரே மாதிரி வலிக்கும். அணி புள்ளி எடுத்தால்தான் பேண்ட் கல்லூரிப் பாட்டை வாசிக்கும். ஒரு இரவு முழுக்க வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கக் காரணமே வராமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று என் மகள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

யுடெப் ஆட்டம் முடிந்த இரவு அவள் கம்பளிச் சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்தாள். கிளாரினெட் பெட்டியைக் காரின் மேல் வைத்துவிட்டு, "அம்மா, மூணே மூணு பாயிண்ட்" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. "ஹாஃப் டைம்ல உங்க வரிசை நேரா இருந்துச்சும்மா, மேலிருந்து பார்த்தேன்" என்றேன். உடனே அந்த நகர்வை எப்படிப் பழகினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள், விடுதி வாசல் வரை அதே பேச்சுதான்.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஸ்கோரை அவர்களே எடுக்கட்டும். "அடுத்த தடவை ஜெயிச்சுடுவாங்க" என்ற ஆறுதல் வேண்டாம், எட்டு தடவை சொன்னால் ஒன்பதாவது தடவை அவர்கள் காதில் விழாது. விளையாடும் பையனின் பெற்றோர் பக்கத்து இருக்கையில் இருந்தால், அவன் பெயரைச் சொல்லிக் கத்தித் திட்டுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளாதீர்கள். எல்லாம் 18 முதல் 23 வயதுப் பிள்ளைகள்.

கோச்சை மாற்று என்ற குரல் எழும்போது

கண்டிப்பாக எழும். அப்போது மற்ற கல்லூரிகளின் கதையைக் கையில் வைத்திருங்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2012-இல் ஏறியது. சொந்த ஊரான ஆம்ஹர்ஸ்டை விட்டு, ஏறக்குறைய 90 மைல் தள்ளி ஃபாக்ஸ்பரோவில் இருக்கும் ஜில்லெட் ஸ்டேடியத்தில் ஆடியது. 1-11. அடுத்த வருஷமும் 1-11. கோச்சை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் பல வருஷம் நிமிரவில்லை. மாணவர்கள் நடந்து போக முடியாத இடத்தில் வீட்டு ஆட்டத்தை வைத்தது கோச்சின் தவறா? ஐடஹோ 1996-இல் ஏறி, 2018-இல் தானாகவே கீழே இறங்கிக்கொண்டது. அதையும் நான் தோல்வியாகப் பார்க்க மாட்டேன், தங்கள் அளவு தெரிந்து எடுத்த முடிவு.

மறுபக்கம், ஜேம்ஸ் மேடிசன் 2022-இல் ஏறி முதல் வருஷமே 8-3. ஜாக்சன்வில் ஸ்டேட் சாம் ஹூஸ்டனோடு சேர்ந்தே ஏறி 9-4 என்று முடித்து நியூ ஆர்லியன்ஸ் பவுலையும் வென்றது. இடைக்கால அணிகளுக்குப் பொதுவாக பவுல் கிடையாது, அந்த வருஷம் 6 ஆட்டம் வென்ற அணிகள் போதாமல் போனதால் இடம் கிடைத்தது. இந்த உதாரணங்களைக் காட்டித்தான் உங்கள் கோச்சைத் திட்டுவார்கள்.

ஜார்ஜியாவின் கென்னசா ஸ்டேட் கதை இரண்டுக்கும் நடுவில். 2024-இல் ஏறியது, 2-10. அணியை முதல் நாளிலிருந்து கட்டி வளர்த்த கோச் பருவம் முடியும் முன்பே போனார். அந்தப் பருவத்திலேயே அதுவரை தோற்காமல் இருந்த லிபர்ட்டியை 27-24 என்று வென்றார்கள் என்பது பலர் நினைவில் இல்லை. அடுத்த வருஷம் புது கோச்சோடு கான்ஃபரன்ஸ் பட்டமே வென்றார்கள். மாற்றியது சரி என்று ஆகிவிட்டது.

சாம் ஹூஸ்டன் கீலரை வைத்துக்கொண்டது. 2003-இல் டெலவேரிலும் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், அவசரப்படுகிற ஆள் இல்லை. 0-8 நிலையிலும் அணிக்குள் சண்டை எதுவும் வெளியே வரவில்லை. நான் கவனிக்கச் சொல்வது அதைத்தான்: தோல்விக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் சேர்ந்து மாணவர் பகுதிக்கு முன்னால் வந்து நிற்கிறார்களா, தனித்தனியாகச் சுரங்க வழிக்குள் போகிறார்களா? முதலாவது நடக்கும்வரை கோச்சை விட்டுவிடுங்கள்.

முதல் வெற்றியும் அதற்கு அப்புறமும்

யுடெப் ஆட்டத்துக்குப் பிறகு பத்து நாள் இடைவெளி கிடைத்தது. வரிசையாகக் குறுகிய வாரங்களில் ஆடிவந்த அணிக்கு அது பெரிய வரம். நவம்பர் 4, சனிக்கிழமை, கென்னசா ஸ்டேட் ஹன்ட்ஸ்வில் வந்தது. 24-21 என்று சாம் ஹூஸ்டன் ஜெயித்தது. கென்னசா அப்போது இன்னும் எஃப்.சி.எஸ். அணிதானே, இது என்ன வெற்றி என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் வாதாடாதீர்கள். அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டுங்கள், கடைசி விசிலுக்கு அப்புறம் பேண்ட் வாசித்து முடிக்கும்வரை உட்காராதீர்கள். மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்று 3-9 என்று பருவம் முடிந்தது. 0-8 என்பதையும் கடைசி நாலில் மூன்று வெற்றி என்பதையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு அணிகள் மாதிரி இருக்கும்.

பருவம் முடிந்த பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும், ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குப் போகப் பெயர் கொடுப்பார்கள். குவார்ட்டர்பேக் போகிறானா என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். நீங்கள் அந்த ஐந்து லைன் ஆட்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலானோர் தங்கியிருந்தால் தைரியமாக இருக்கலாம். 2024-இல் சாம் ஹூஸ்டன் முதல் ஆட்டத்திலேயே ரைஸை 34-14 என்று வென்றது. 10-3 என்று பருவத்தை முடித்தது, நியூ ஆர்லியன்ஸ் பவுலில் ஜார்ஜியா சதர்னை 31-26 என்று வென்றது. அந்த பவுலுக்கு முன்பே கீலர் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நன்றாக ஆடினால் கோச் போவார் என்பதும் மேல் பிரிவின் வழக்கம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2025-இல் புது கோச், பவர்ஸ் ஸ்டேடியத்தில் கட்டட வேலை, வீட்டு ஆட்டங்கள் ஹூஸ்டனில் ஷெல் எனர்ஜி ஸ்டேடியத்தில், மறுபடியும் தோல்விகள் நிறைந்த ஆண்டு. மூன்று நிறப் பேனாவை நான் எடுத்து வைக்கவே இல்லை.

பருவ டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது, 3-9 என்று முடிந்த வருஷத்துக்கு அடுத்து நல்ல இருக்கைகள் நிறையக் காலியாக இருக்கும். கேட்டால் மாற்றித் தருவார்கள். 50 யார்டு கோட்டில், அதாவது மைதானத்தின் நடுவில், கீழ் வரிசை வேண்டாம், முன்னால் நிற்கிற ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும். உயரமான வரிசையாகப் பாருங்கள். மைதானத்தின் முனையில், எண்ட் ஸோன் பக்கம் இருக்கை இருந்தால் இன்னும் விலை குறைவு, லைனில் இடைவெளி திறப்பதும் மூடுவதும் அங்கிருந்துதான் நேராகத் தெரியும். பேண்ட் எந்தப் பக்கம் உட்காரும் என்பதையும் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.